வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆமைத் தொட்டி: சூடும் யுவிபி வெளிச்சமும் சரியாக அமைப்பது எப்படி

பச்சோந்திக் கூண்டுக்கு எந்த விளக்கு வாங்கலாம் என்று தேடுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: சிங்கப்பூரில் பச்சோந்தி வளர்க்க அனுமதி இல்லை. இகுவானா, பாம்பு, ஊர்ப்பக்கம் பலரும் ஆசைப்படும் நட்சத்திர ஆமை, எதற்கும் இல்லை. ஊர்வனவற்றில் இங்கே பெரும்பாலானோர் சட்டப்படி வாங்கி வளர்ப்பது சிவப்புக் காது ஆமை. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்' என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அனுமதியில்லாத பிராணியை வாங்கினால் இரண்டும் சேர்ந்தே புகும்.

இணையத்தில் கிடைக்கும் ஆமை வழிகாட்டிகளில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அறை வெப்பம் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டு 100 வாட், 150 வாட் விளக்கு போடச் சொல்வார்கள். நம் வீட்டு வரவேற்பறையில் பிற்பகலில் விளக்கே இல்லாமல் 30, 31 டிகிரி இருக்கும். இங்கே சூடு மிச்சம், யுவிபி (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் ஒரு வகை) பஞ்சம். இது மனத்தில் இருந்தால் பாதிச் செலவும் முக்கால்வாசித் தவறும் குறையும்.

1. ஆமை வாங்குவதற்கு முன்: ரசீது, உரிமம்

தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டப்பாவில் போட்டுக் கடற்பாலத்தைத் தாண்டிக் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் உயிருள்ள பிராணியைக் கொண்டுவருவது குற்றம், ஆமை எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

கடையில் பார்க்கும்போது 50 காசு அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். பெண் ஆமை 25 செ.மீ. தாண்டி வளரும், 30 ஆண்டுகள் வாழ்வதும் உண்டு. பெரிதானதும் நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விட்டுவிடலாம் என்ற கணக்கு வேண்டாம். சட்டப்படி தவறு என்பது ஒருபுறமிருக்க, இந்த ஆமைகள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இங்குள்ள குளங்களில் உள்ளூர் இனங்களோடு போட்டி போடுகின்றன. வளர்க்க முடியாமல் போனால் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று வாங்கும் முன்பே ஒருவரைக் கேட்டு வையுங்கள்.

எல்லாக் கால்நடை மருந்தகங்களும் ஆமை பார்ப்பதில்லை. பார்க்கும் ஓர் இடத்தின் எண்ணை இப்போதே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

2. தொட்டிக்கு இடம்

வரவேற்பறையில், சன்னலிலிருந்து தள்ளி, நேர்வெயில் படாத சுவரோரம். சன்னலோரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. சன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். வெப்பத்தை உள்ளே விடும். ஆக ஆமைக்குக் கிடைப்பது கெடுதல் மட்டும். மேற்கு பார்த்த வீடென்றால் மாலை நான்கு மணிக்கு 20 லிட்டர் தொட்டி 34 டிகிரியைத் தொட்டுவிடும்.

படுக்கையறையில் இரவு முழுக்க ஏர்கான் ஓடினால் அங்கேயும் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் ஹீட்டர் தேவைப்படும்: 26 டிகிரியில் நிறுத்தி, லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில். கண்ணாடி ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூண்டு போடாவிட்டால் ஆமை மோதி உடைத்துவிடும். வரவேற்பறையில் ஹீட்டர் வாங்கவே வேண்டாம். கடைக்காரர் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்.

பொதுத் தாழ்வாரத்தில் தொட்டி வைக்காதீர்கள். அவசரத்துக்கு வெளியேறும் வழி 1.2 மீட்டர் விட வேண்டும் என்பது விதி. அது போக, விளக்குக்கு மின்சாரம் கதவிடுக்கு வழியாகத்தான் இழுக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் நல்லது. நம் வீடுகளில் 29 வரை போகும், பெரிய ஆபத்தில்லை. 31 தாண்டினால் மூடியை எடுத்துவிட்டு, சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் குறுக்கே ஓட விடுங்கள். நீர் ஆவியாகி ஓரிரு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீர் இறக்கம் ஆமைக்கு ஆகாது.

3. வெயில் மேடை

ஆமை தண்ணீரைவிட்டு முழுதாக ஏறி, உடம்பு காயும் இடம் இது. விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மேடை சரியில்லையென்றால் வீண். ஆமையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம், ஏறுவதற்கு 30 டிகிரிக்கு மிகாத சரிவு, சொரசொரப்பான மேற்பரப்பு. உறிஞ்சுகுமிழ் வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் மேடைகள் குட்டிக்குச் சரி. 12 செ.மீ. தாண்டிய ஆமை ஏறும்போது சரிந்துவிடும். அப்படி இரண்டு முறை விழுந்தால் மூன்றாம் முறை ஏறாது. செங்கல் அடுக்கி மேலே ஸ்லேட் கல் வைப்பது மலிவு, உறுதி. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஆமை சிக்கும் இடுக்கு இருக்கக்கூடாது.

4. சூடு: 100 வாட் வேண்டாம்

மேடையின் மேற்பரப்பு 32 முதல் 34 டிகிரி, குட்டி ஆமைக்கு 35 வரை. அறை 30 டிகிரி இருக்கும்போது இன்னும் நான்கு டிகிரிதான் ஏற்ற வேண்டும். 35 வாட் அல்லது 50 வாட் ஹாலோஜன் விளக்கு, மேடையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் போதும்.

விளக்கு வாங்கும்போது நான்கு விஷயங்கள்:

எல்இடி சூடு தராது. கடைகளில் வீட்டு விளக்கு அலமாரியில் இப்போது பெரும்பாலும் எல்இடிதான். பிராணிக் கடையில் கேட்டு, அகலமாகப் பரவும் ஹாலோஜனை வாங்குங்கள். ஒரே புள்ளியில் குவியும் விளக்கு ஓட்டின் நடுவில் மட்டும் சுடும்.

மின்னழுத்தம் 230 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கத் தளங்களில் வாங்கும் 120 வோல்ட் விளக்கை இங்கே சொருகினால் அந்தக் கணமே வெடிக்கும்.

இ27 திருகு, பீங்கான் ஹோல்டர். பிளாஸ்டிக் ஹோல்டர் சில மாதங்களில் பழுப்பேறி உதிரும்.

சூடும் யுவிபியும் சேர்ந்து தரும் பாதரச ஆவி விளக்கு வசதியாகத் தெரியும். அது பெரும்பாலும் 80 வாட்டுக்கு மேல் இருக்கும், டிம்மர் (விளக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) போடவும் முடியாது. நம் ஊர் வெப்பத்தில் சின்னத் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹாலோஜனுக்கு ஒரு டிம்மர் வாங்கிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில் வெளியே 23, 24 டிகிரிக்கு இறங்கும், வீட்டுக்குள் 26. ஏப்ரல், மே மாதங்களில் அதே வீடு 32. ஒரே வாட்டில் இரண்டையும் சமாளிக்க முடியாது. விளக்கை மேலும் கீழும் நகர்த்துவதைவிடக் குமிழைத் திருப்புவது எளிது.

5. யுவிபி: இங்கேதான் பணம் வீணாகிறது

ஆமையின் தோலில் யுவிபி பட்டால் வைட்டமின் டி3-க்கு முந்தைய நிலைப் பொருள் உருவாகிறது. அது டி3 ஆக மாறுவதற்கு உடம்புச் சூடு வேண்டும். அதனால் இரண்டு விளக்கும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில் விழ வேண்டும். யுவிபி தொட்டியின் இடக்கோடியிலும் சூடு வலக்கோடியிலும் இருந்தால் இரண்டாலும் பயனில்லை. டி3 இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் எலும்பில் சேராது. ஓடு மெத்தென்று ஆகும், தாடை வளையும், பின்கால் இழுபடும்.

வாங்க வேண்டியது டி5 ஹை அவுட்புட் நீளக் குழாய், 24 வாட், சுமார் 55 செ.மீ. நீளம், பின்னால் பளபளக்கும் பிரதிபலிப்புத் தகடு உள்ள பெட்டியோடு. சுருள் வடிவச் சின்ன விளக்குகள் உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டுமே போதும், விரைவில் வலுவிழக்கும். குட்டிக்கு ஆறு மாதம் ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

குழாயின் மேல் யுவிபி வலு 5.0 அல்லது 6% என்று இருந்தால், நடுவில் வலை எதுவும் இல்லாமல், 22 முதல் 28 செ.மீ. தூரம். 10.0 அல்லது 12% என்றால் 35 முதல் 42 செ.மீ. இந்தத் தூரத்தில் ஓட்டின் மேல் யுவி குறியீடு (புற ஊதாக் கதிரின் வலுவைக் காட்டும் எண்) சுமார் 3 முதல் 4 கிடைக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பெட்டியில் உள்ள அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தூரத்தை மேடையிலிருந்து அளக்காதீர்கள். மேடையில் ஏறி நிற்கும் ஆமையின் முதுகிலிருந்து அளங்கள். குட்டியின் உயரம் 2 செ.மீ.; வளர்ந்த ஆமையின் உயரம் 10 செ.மீ. நீங்கள் எதையும் தொடாமலேயே ஆண்டுக்கு ஆண்டு ஆமை விளக்கை நெருங்கிக்கொண்டிருக்கும்.

அடிக்கடி நடக்கும் ஏமாற்றங்கள்:

வீட்டுக் கடைகளில் கிடைக்கும் 14 வாட் டி5 பெட்டியும் 24 வாட் யுவிபி குழாயும் ஒரே நீளம். சொருகினால் உட்காரும், எரியவும் செய்யும். ஆனால் மின்னோட்டம் குறைவு, யுவிபி பாதிகூட வராது. வெளிச்சம் தெரிவதால் ஆண்டுக்கணக்கில் யாரும் சந்தேகப்படுவதில்லை. பெட்டியின் பின்புறம் 24 வாட் ஹை அவுட்புட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இணையக் கடைகளில் 10, 12 வெள்ளிக்கு விற்கும் ஊதா நிற எல்இடியில் யுவிபி இல்லை. 'யுவிஏ' என்று மட்டும் எழுதியிருக்கும் நீலக் கண்ணாடி விளக்கிலும் இல்லை.

இதைவிட மோசமானது கிருமி நீக்கும் யுவிசி விளக்கு. விவரத்தில் 254 நானோமீட்டர் என்றோ 'ஸ்டெரிலைசர்' என்றோ இருந்தால் தொடாதீர்கள். ஆமையின் கண்ணும் போகும், உங்கள் கண்ணும் போகும்.

கண்ணாடி மூடி, அக்ரிலிக் தகடு, விளக்குப் பெட்டியோடு வரும் தெளிவான பிளாஸ்டிக் உறை எல்லாமே யுவிபியை விழுங்கும். கழற்றிவிடுங்கள். கம்பிவலை மூடி மூன்றில் ஒரு பங்கைத் தின்னும். ஆமை குதித்து ஓடாது, வலையை விளக்கின் அடியில் மட்டும் வெட்டி எடுத்துவிடலாம்.

குழாயின் அடிப்பக்கம் தண்ணீர் தெறித்துக் காய்ந்து வெள்ளைப் படலம் கட்டும். விரலால் தடவினால் மாவு போல வரும். மாதம் ஒருமுறை, மின்சாரத்தை அணைத்து, குழாய் ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள்.

6. மின்இணைப்பு

தண்ணீருக்கு மேலே 230 வோல்ட் தொங்குகிறது என்பதை மறக்காதீர்கள். மூன்று ஊசி பிளக், பாதுகாப்பு முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன், தொட்டிக்குக் கீழே தரையில் வைக்காமல் சுவரில் உயர்த்தி மாட்டியது. ஒவ்வொரு வயரும் பிளக்கை அடையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். வயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மின்பெட்டியில் உள்ள, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் தொட்டி வேலையை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

கவ்வி வகை விளக்கை கவ்வியை மட்டும் நம்பி மாட்டாதீர்கள். சிறு சங்கிலியால் இன்னொரு பிடிமானம் கொடுங்கள். எரிகிற ஹாலோஜன் தண்ணீரில் விழுந்தால் கண்ணாடி சிதறும், ஆமையும் உள்ளே இருக்கும். திரைச்சீலை குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பலரும் சன்னலைத் திறந்தபோது காற்றில் திரை எங்கே பறக்கும் என்று பார்ப்பதில்லை.

டைமர் ஒன்றே போதும், சூடும் யுவிபியும் அதில். காலை 8 முதல் மாலை 6 வரை. நமக்கு ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியளவில் உதித்து ஏழு மணியளவில் மறைவதால் பருவத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. இரவில் சிவப்பு விளக்கு, நீல விளக்கு எதுவும் வேண்டாம். இருட்டு வேண்டும்.

7. ஆமையை விடும் முன் மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள்

தேவையானவை அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று, தண்ணீருக்கு நுனி வயர் உள்ள எண்முறை வெப்பமானி ஒன்று. கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி அலமாரியில் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது மனித உடல் வெப்பத்துக்கென்று திருத்திக் காட்டுவது, கல்லைக் காட்டினாலும் 36 என்று சொல்லும். தொட்டிக்கு வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானி கண்ணாடியைத்தான் அளக்கும்.

காலை 9, பிற்பகல் 3, மாலை 6 என மூன்று வேளை அளங்கள். அகச்சிவப்பு வெப்பமானியைக் கண்ணாடி வழியாகக் காட்டாமல் மேலிருந்து நேராக மேடையில் காட்டுங்கள். மேடையின் நடு, நான்கு ஓரம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மேடையும் தண்ணீரும் குறைந்தது நான்கு டிகிரி வித்தியாசம் காட்ட வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு நடுவில் 36 வந்தால் டிம்மரைக் குறையுங்கள். காலை 9 மணிக்கு மட்டும் 31 இருந்தால் விட்டுவிடலாம், ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும்.

யுவி குறியீடு அளக்கும் கருவி முந்நூறு வெள்ளிக்கு மேல். ஒரே ஆமைக்காக வாங்குவது அதிகப்படி. தெரிந்தவரிடம் இரவல் கேட்டு ஒருமுறை அளந்தால் போதும்.

ஆமையை விட்டபின் அதுதான் உங்கள் கருவி. சரியாக இருந்தால் கழுத்தை முழுக்க நீட்டி, பின்கால்களைப் படகுத் துடுப்பு போல் பின்னால் விரித்து, விரலிடைச் சவ்வு தெரியக் கிடக்கும். ஓடு காய்ந்து மங்கும். அரை மணி, முக்கால் மணி கழித்து நழுவி இறங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், வெளிச்ச வட்டத்துக்கு வெளியே ஓரமாகவே ஒட்டியிருந்தால் சூடு அதிகம். நாள் முழுக்க இறங்காவிட்டால் தண்ணீர் குளிர்ச்சி அல்லது உடம்பு சரியில்லை. ஏறவே இல்லையென்றால் முதலில் தண்ணீரை அளங்கள்: 30-ல் இருந்தால் ஏறுவதற்கு அதற்குத் தேவையில்லை. அடுத்து மேடை வழுக்குகிறதா பாருங்கள். புதிதாக வந்த குட்டி ஆள் நடமாட்டத்துக்குப் பயந்து ஒரு வாரம் ஏறாமல் இருப்பது வழக்கம்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினாலோ, மூக்கில் குமிழி விட்டாலோ, கண் வீங்கினாலோ விளக்கைத் திருத்திக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் போங்கள்.

8. தாழ்வார வெயிலை நம்பலாமா?

பலரும் கேட்பது: 'இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் விளக்கு எதற்கு?' நியாயமான கேள்விதான். வீவக தாழ்வாரத்துக்கு மேலே கூரை இருக்கிறது. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும்தான் வெயில் உள்ளே சாய்ந்து வரும். தாழ்ந்த சூரியனில் யுவிபி மிகக் குறைவு. யுவிபி நிறைய இருக்கும் நண்பகலில் வெயில் கூரைக்கு மேல். அதனால் காலை எட்டு மணி இளவெயிலில் தினமும் காட்டியும் ஓடு மெத்தென்று ஆகிறதே என்று குழம்புகிறார்கள்.

கீழ்த்தளத் திறந்தவெளியிலோ திறந்த பால்கனியிலோ காட்ட முடிந்தால் நல்லது. வானிலை ஆய்வகம் காலை 7 முதல் மாலை 7 வரை மணிக்கு மணி யுவி குறியீட்டை வெளியிடுகிறது. 3-ஐ ஒட்டி இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தெளிந்த நாளில் ஒன்பதரை மணியளவிலும் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகும் பெரும்பாலும் அமையும். நண்பகலில் அது 11-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. வாரம் மூன்று முறை, 20 நிமிடம். கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப் போகாமல், ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் தொட்டியில், கால் நனையத் தண்ணீரும் பாதிக்கு நிழலும் வைத்து, பக்கத்திலேயே இருங்கள். காக்கையும் மைனாவும் பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் தாராளம்.

ஆமையைத் தூக்கியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கும். தொட்டித் தண்ணீரை அடுப்படித் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

9. செலவும் நாளும்

யுவிபி குழாயும் பெட்டியும் சேர்த்து 80 முதல் 120 வெள்ளி ஒதுக்குங்கள். ஹாலோஜன், பீங்கான் ஹோல்டர், டிம்மர் எல்லாம் 50, 60. இரண்டு வெப்பமானிக்கும் டைமருக்கும் இன்னொரு 50. தொட்டி, வடிகட்டி தனி. ஆமையின் விலை இதில் ஒரு மூலைக்கு வராது, அதனால்தான் பலர் விளக்கில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

மின்கட்டணம் பயப்படும்படி இல்லை. 50 வாட் ஹாலோஜன் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 15 யூனிட், 24 வாட் குழாய் 7 யூனிட் சொச்சம், 10 வாட் வடிகட்டி இரவும் பகலும் ஓடி இன்னொரு 7. யூனிட் 30 காசு என்று கணக்கிட்டால் மொத்தம் மாதம் 9 வெள்ளிக்குள்.

முதல் நாள் பொருள் வாங்குங்கள், இரண்டாம் நாள் மாட்டுங்கள், மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை ஓட்டி அளங்கள், வார இறுதியில் ஆமை வாங்குங்கள். ஆமையை வாங்கிவந்து வாளியில் வைத்துவிட்டு விளக்கு தேடி அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

டி5 குழாயை 12 மாதத்தில் மாற்ற வேண்டும், நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும். யுவிபி தீர்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்கும். புதுக் குழாயை மாட்டும் அன்றே அதன் உலோக முனையில் நிரந்தர மையால் தேதியை எழுதிவிடுங்கள். ரசீது தொலைந்தாலும் தேதி தொட்டிக்கு மேலேயே இருக்கும்.